தட்டைமீனின் செவிக்கல்: வழுவும் வழுவமைதியும்

இலக்கண வகுப்பில் மாணவர் விரும்பிக் கேட்கும் பகுதி ஒன்று உண்டாயின் அது வழுவமைதியே. எழுத்தும் புணர்ச்சியும் அவர்க்கு உறக்கம் தருவன. வழுவமைதி தொடங்கியதும் வகுப்பு விழித்துக்கொள்ளும். விதியை மீறியும் குற்றமாகாத ஒன்று உண்டு என்னும் செய்தி இளைஞர்க்கு இனிப்பது இயல்பன்றோ! மேய்ச்சல் முடிந்து வீடு திரும்பும் பசுவைக் கண்ட கிழவி உவகை மேலிட்டு, "என் அம்மா வந்துவிட்டாள்" என்கிறாள். அஃறிணையை உயர்திணையாற் கூறியது வழு. ஆயினும் உவகை காரணமாக வந்தமையின் இலக்கணம் அதனை அமைத்துக்கொள்கிறது. அக்காரணம் இல்லையாயின் வழு வழுவாகவே நிற்கும். ஆகவே சொல்லின் வடிவை மாத்திரம் நோக்கி, இது வழு, இது அமைதி என்று தீர்ப்புக் கூறல் இயலாது. அது வந்த இடத்தையும் வந்த காரணத்தையும் நோக்கவேண்டும்.

இந்த உண்மையை அண்மையில் எனக்கு மீண்டும் தெளிவித்தவர் உரையாசிரியர் எவருமல்லர், ஒரு மீன். மரக்கறி உணவினனாகிய யான் மீனைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். உண்ணாதவன் ஆராயலாகாது என்று எந்த நூலும் விதிக்கவில்லை.

நம் கடலோரத்தார் நாக்குமீன் என வழங்கும் வகையை வாசகர் அறிவர். மேசைமேல் வைத்த ஏடு போன்று தட்டையாய் மணலிற் கிடப்பது; ஒரு பக்கம் மணலின் நிறம், மறுபக்கம் வெண்மை; கண்ணிரண்டும் ஒரே பக்கத்தில். மகளிர் கண்ணுக்குக் கயலை உவமை கூறிக் கூறிச் சலியாத நம் புலவர், கண்ணிரண்டையும் ஒருபுறத்தே கொண்ட இந்த மீனின் பக்கம் திரும்பவேயில்லை. அவர்களைக் குறைகூற இயலாது. ஆனால் தமிழ் இந்த மீனைக் கைவிட்டுவிடவில்லை. தட்டைமீன்களுள் மிகப் பழைய அமைப்பு உடையது எனக் கருதப்படும் ஓரினத்துக்கு அறிவியலார் வழங்கும் பெயர் 'செற்றோடெஸ் எருமெயி' என்பது. இதிலுள்ள 'எருமெயி' நம் எருமைதான். எருமைநாக்கு என்னும் தமிழ்ப்பெயரிலிருந்து எடுத்து, இலத்தீன் நூலுள் 1801 இல் ஏற்றப்பட்ட சொல் அது. பெர்லின் நகரத்து வைத்தியரும் மீனூல் வல்லாருமாகிய புளொக் எழுதத் தொடங்கி, அவர் இறந்த பின் சினைடர் நிறைவு செய்து வெளியிட்ட நூலில் அப்பெயர் இடம்பெற்றது. மீன் தரங்கம்பாடியிலிருந்து சென்றது.

தரங்கம்பாடியில் அக்காலத்தில் வாழ்ந்த சமயத்தொண்டர் கிறிஸ்தோப் சாமுவேல் யோன் என்பார் அங்கே கிடைத்த மீன்களைத் திரட்டிப் புளொக்குக்கு அனுப்பிவந்தார். அவர் நினைவாக ஒரு மீன்பேரினத்துக்கு 'யோனியஸ்' எனப் பெயரிட்டனர். அது நம் கத்தலை இனம். அதனுள் ஒரு வகைக்கு வைத்த சிறப்புப்பெயர் 'கறுத்தா'. கறுத்த கத்தலை என்று கரையிலே கூறியதைக் கேட்டு எழுதிக்கொண்டனர் போலும். பெயரெச்சம் ஒன்று தன் பெயரை இழந்து, கடல்கடந்து, இலத்தீன் இலக்கணத்துக்குள் அடைக்கலம் புகுந்த வரலாறு இது.

கத்தலையை ஈண்டு இழுத்துவந்தமைக்குக் காரணம் உண்டு. அதன் தலையைப் பிளந்தால் வெண்ணிறமான இரண்டு கற்கள் கிடைக்கும். பிற மீன்களிலும் அவை உள. கத்தலையிற் பெரியவை ஆதலின் எளிதிற் கண்ணிற்படுவன. தலையிற் கல்லுடைய மீன்கள் குளிர்காலத்தில் துன்புறுகின்றன என்று கிரேக்க ஞானியாகிய அரிஸ்தோத்தல் தம் விலங்கு நூலில் எழுதிவைத்தார். அவை தலையிற் கிடக்கும் வெறுங் கற்களல்ல. செவியின் உள்ளுறுப்புக்கள். செவிக்கல் என அவற்றைக் கூறலாம். காதுக்கல் என்றாற் கடுக்கனில் இழைத்த கல்லும் நினைவுக்கு வந்து இடர் விளைக்கும்.

மீனுக்குப் புறச்செவி இல்லை. தலையோட்டினுள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உட்செவிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று கற்கள். அவற்றுள் ஆராய்ச்சியாளர் பெரிதும் கையாள்வது 'சகிற்றா' எனப்படுவது. இலத்தீனில் அம்பு என்று பொருள். கல் எனினும் மண்ணிலிருந்து வந்ததன்று. கல்சியங் காபனேற்றும் சிறிதளவு புரதமும் கொண்டு மீனே நாள்தோறும் படலம் படலமாகத் தன் செவியுள் ஆக்கிக்கொள்வது. முத்து ஆகும் முறையை ஒருவாறு ஒத்தது.

கல் செய்யும் தொழில் யாது? மீனின் உடல் ஏறத்தாழ நீரின் அடர்த்தியே உடையது. ஆகவே ஒலியலை நீரை அசைக்கும்போது மீனின் தசையும் நீரோடு கூடியே அசையும். எல்லாம் ஒருங்கே அசைந்தால் அசைவை உணர்வது எவ்வாறு? நீரின் அடர்த்தியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியுள்ள கல் மாத்திரம் உடன் அசையாது சற்றுப் பின்தங்கும். அப்பின்தங்கல் அடியிலுள்ள நுண்மயிர்களை வளைக்கும். மயிர் வளைந்த செய்தியை நரம்பு மூளைக்குக் கொண்டுசெல்லும். மீன் 'கேட்கிறது'. புவியீர்ப்பு எத்திசையில் இழுக்கின்றது என்பதையும் அதே கல் அறிவிக்கும். மேல் எது, கீழ் எது என்பது அதனாலேயே மீனுக்குப் புலனாகின்றது. உயிர்களை அறிவால் வகுத்த தொல்காப்பியர் ஐந்தாவது அறிவுக்கு வாயிலாகச் செவியை வைத்தார். அந்தச் செவியே உடலை நிலைநிறுத்தும் உறுப்புமாகும் என்பது பிற்காலத்து ஆராய்ச்சி நமக்கு அளித்த அறிவு. மனிதர்க்கும் செவியுள் மிக நுண்ணிய மணற்றுகள் போன்ற பளிங்குகள் உள்ளன. அவை இடம்பெயர்ந்தால், படுக்கையிற் புரண்ட மாத்திரத்தில் வீடே சுழல்வது போன்ற தலைச்சுற்று உண்டாகும். எம் வயதினர் பலர்க்கு இஃது அனுபவத்தில் விளங்கியது.

இனி, தட்டைமீனின் கதைக்கு வருவோம். முட்டையிலிருந்து வெளிப்படும் தட்டைமீன் தட்டையானதன்று. பிற மீன்குஞ்சு போலவே நிமிர்ந்து நீந்தும். வலக்கண் வலத்திலும் இடக்கண் இடத்திலுமாக இருக்கும். சில வாரங்கள் கழிய, கேடயச் சுரப்பியின் ஏவலால் உருமாற்றம் தொடங்குகின்றது. ஒரு கண் மெல்ல மெல்ல உச்சியைக் கடந்து மறுபக்கம் சேர்கின்றது. மண்டையோடு திருகுகின்றது. மீன் பக்கமாகச் சாய்ந்து, அடித்தளத்தை அடைந்து, ஆயுள் முழுவதும் அவ்வாறே கிடக்கின்றது. ஐரோப்பியக் கடலில் மிகுதியாயுள்ள பிளேயிஸ் என்னும் இனத்தில் இடக்கண் வலப்பக்கம் செல்லும். ரேர்பொட் என்னும் இனத்தில் வலக்கண் இடப்பக்கம் செல்லும். நம் எருமைநாக்கு இருவகையாலும் அமையும். அதன் கண் முற்றக் கடந்து செல்லாமல் தலையின் விளிம்பிலேயே தங்கிவிடும். பாதி வழியில் நிற்கும் கண்ணால் மீனுக்கு என்ன பயன் என்று மைவாட் என்னும் அறிஞர் 1871 இல் டார்வினை மடக்கினார். டார்வின் அடுத்த ஆண்டு வெளிவந்த தம் நூற்பதிப்பில் விடை கூறினார். பாதி வழியில் நின்ற கண்ணையுடைய பழம்புதைவுகளை 2008 இல் பிரீட்மன் என்பார் எடுத்துக்காட்டினார். அவை ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மைவாட் அதனைக் காண உயிரோடில்லை.

கண்ணைப் பற்றி எல்லாரும் பேசினர். செவியைப் பற்றிப் பேசியவர் சிலரே. எனக்கோ செவியின் கதையே வியப்பு மிக்கதாகத் தோன்றுகின்றது. கண் இடம் மாறியது; செவி மாறவில்லை. அது மண்டையோட்டுக்குள் முன்பிருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, உடலோடு கூடி முழுச் செங்கோணம் சாய்ந்துவிட்டது. முன்பு இடமும் வலமுமாக நின்ற இரு செவிகள் இப்பொழுது மேலும் கீழுமாகிவிட்டன. தலை அசையும்போது கண்ணை எதிர்த்திசையில் அசைத்துப் பார்வையை நிலைநிறுத்தும்படி செவி கண்தசைக்குக் கட்டளையிடுவது எல்லா முதுகெலும்பு உயிர்க்கும் பொது. செவி சாய்ந்து கண் சாயாதிருந்தால் அக்கட்டளை பிழையான தசைக்கன்றோ செல்லும்? அமெரிக்கக் கரையிலுள்ள மாரிகாலத் தட்டைமீனை ஆராய்ந்த கிராவ், பேக்கர் என்னும் இருவர் 1983 இல் இதற்கு விடை கூறினர். உருமாற்றத்தோடு மூளையினுள்ளே நரம்பு வழிகளும் புதிதாக இணைக்கப்படுகின்றன. முன்பு ஒரு தசைக்குச் சென்ற செய்தி இப்பொழுது வேறு தசைக்குச் செல்கின்றது. வேற்றுமையுருபு மாறியதும் வினையும் அதற்கேற்ப முடிபு மாற்றிக்கொள்வது போல என்று கூறினால் என் மாணவர் உடனே விளங்கிக்கொள்வர்.

செவி இடம் மாறவில்லையாயினும் கல் மாறாமல் இருந்துவிடவில்லை. பிற மீன்களில் இடக்கல்லும் வலக்கல்லும் கண்ணாடியிற் கண்ட உருவும் நிழலும் போல ஒத்திருப்பதே முறை. அவற்றின் எடையில் வேறுபாடு மிகுமாயின் அது குறைபாடு. எடையற்ற நிலையை உண்டாக்கி மீன்களைச் சோதித்தவர்கள், இருபக்கக் கற்களின் எடை வேறுபாடு மிகுந்த மீன்களே திசை தடுமாறிச் சுழன்று நீந்தின என்று கண்டனர். தட்டைமீனிலோ இருகற்களும் ஒவ்வாதிருப்பதே இயல்பு. ஆராயப்பட்ட பல இனங்களில் அடியிற் கிடக்கும் குருட்டுப்பக்கத்துக் கல், மேலேயுள்ள கண்பக்கத்துக் கல்லிலும் சற்றுப் பெரியது, எடையும் மிக்கது. கல் வளரத் தொடங்கிய நடுப்புள்ளியும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நுணுக்குக்காட்டியால் நோக்கின் மற்றொரு புதுமையும் தோன்றும். உருமாற்றக் காலத்தில், பழைய நடுப்புள்ளிக்கு வெளியே புதிய வளர்ச்சி மையங்கள் முளைக்கின்றன. மீன் எப்பொழுது சாய்ந்து மணலிற் படுத்தது என்பதற்கு அவையே சாசனம்.

வேறொரு மீனில் இவ்விரு கற்களையும் கண்டால் விகாரம் என்று எழுதிவைப்பர். தட்டைமீனில் அது காரணம் பற்றி வந்தது, ஆகவே வழுவமைதி.

இதனைக் கற்றோர் பொழுதுபோக்காக எண்ணி வாசகர் ஏட்டைப் புரட்டிவிடலாகாது. பலருடைய சோறு இந்தக் கல்லில் தங்கியுள்ளது. ஜேர்மனி தேசத்துக் கீல் குடாவிற் பிடிபட்ட பிளேயிஸ் மீன்களின் செவிக்கற்களை ஆராய்ந்த றைபிஷ் என்பார், மரத்தின் வயிரத்தில் ஆண்டுவளையம் காண்பது போலக் கல்லிலும் காணலாம் என்று 1899 இல் வெளியிட்டார். உணவு மிகுந்த காலத்திற் படியும் படலம் ஒளிபுகாதது. குளிர்காலத்திற் படிவது ஒளி ஊடுருவுவது. கறுப்புத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தால் முன்னது வெண்மையாகவும் பின்னது கருமையாகவும் தோன்றும். ஒரு வெண்மையும் ஒரு கருமையும் சேர்ந்து ஓராண்டு. சோல் என்னும் தட்டைமீனின் கல்லைச் சுட்டால் குளிர்கால வளையங்கள் தீய்ந்து தெளிவாகத் தெரியும் என்று கிறிஸ்தென்சென் 1964 இற் காட்டினார். பின்னர் 1971 இல் பனெல்லா என்பார் நாள்வளையங்களையும் கண்டார். ஆண்டுக்கணக்கு மாத்திரமன்றி நாட்குறிப்பும் கல்லில் உண்டு என்றாயிற்று. பசிபிக் கடலிலுள்ள ஹலிபட் என்னும் மாபெருந் தட்டைமீன் 55 ஆண்டு வரை வாழ்ந்தமை கல்லைப் படித்தே அறியப்பட்டது.

வயது தெரிந்தால் கடலில் மீன் எத்தனை விரைவாக வளர்கின்றது, எத்தனை விரைவாக அழிகின்றது, இவ்வாண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்பன கணக்கிடப்படும். வடகடலில் இரண்டு உலகப் போர்களின்போதும் மீன்பிடி குறைந்தது. போர் முடிந்து வலைவீசியபோது முன்னிலும் முதிர்ந்த, பெரிய பிளேயிஸ் மீன்கள் அகப்பட்டன. மனிதன் மனிதனைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகளில் மீன் ஓய்வு பெற்றது. அந்தப் பிளேயிஸ் மீனையே தலையாய உதாரணமாகக் கொண்டு பெவர்ட்டன், ஹோல்ட் என்னும் இருவர் 1957 இல் வெளியிட்ட பெருநூல் இன்றளவும் மீன்வளக் கணக்குக்கு முதனூலாய் விளங்குகின்றது. வயது பிழைத்தால் வரும் கேட்டையும் உலகம் கண்டது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியாப் பக்கத்து ஆழ்கடலில் வாழும் ஒருவகைச் செம்மஞ்சள் மீன் நூறாண்டுக்கு மேலும் வாழ்வது. அதனை விரைந்து வளரும் மீன் என எண்ணி அள்ளினர். கல்லைச் செவ்வனே படித்து உண்மை உணர்வதற்குள் பல இடங்களில் மீன்கூட்டம் அருகிவிட்டது.

ஆகவே கல்லும் ஓர் ஏடு. அதனைப் படிப்பவரும் ஏடு படிப்பவரே. நம் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றியபோது பிரதிகளை ஒப்புநோக்கிப் பட்ட பாட்டை மாணவர் அறிவர். ஒரு பிரதியிற் சிதைந்த இடத்தை மற்றொரு பிரதி காட்டிக்கொடுக்கும். செவிக்கல்லைப் படிப்பார்க்கு இயற்கையே இரண்டு பிரதிகளை அளித்துள்ளது. தட்டைமீனில் அவ்விரண்டும் வேறு வேறு கையெழுத்து. எனவே எந்தப் பிரதியைப் படித்தது என்பதைக் குறித்துவைக்கவேண்டும். ஹலிபட் போன்றவற்றிற் குருட்டுப்பக்கத்துக் கல்லையே வயது நோக்கப் பெரும்பாலும் தெரிந்துகொள்வர்.

சில ஆண்டுகளுக்கு முன் பண்டித வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவன் ஒருநாட் காலை சிறு கடதாசிப் பொட்டலத்தோடு வந்தான். கடற்றொழிற் குடும்பத்தினன். யாப்பில் மந்தம், ஏனையவற்றிற் கூர்மை. பொட்டலத்துள் இரண்டு கற்கள். ஒன்று பச்சையரிசி போல வெள்ளை. மற்றது உப்புக்கல் போலப் பளபளத்து, விளிம்பு கரடுமுரடாய், ஊடே ஒளி புகுவதாய் இருந்தது.

"ஐயா, கத்தலைக் கல்லைச் சின்னனிலை நாங்கள் விளையாடக் கொண்டு திரியிறனாங்கள். இது பெரிய நாக்குமீன் ஒண்டின்ரை. ஒரு கல்லு மட்டும் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. அப்புவும் இப்பிடிக் கண்டதில்லையாம்" என்றான்.

"எந்தப் பக்கத்துக் கல் கண்ணாடி? கண்ணிருந்த பக்கமா, மற்றதா?"

"அதைப் பார்க்காமல் எடுத்துப்போட்டன், ஐயா."

எம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரிடம் அவனை அழைத்துச் சென்றேன். அவர் நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டையும் வைத்துக் காட்டினார். வெண்கல்லில் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. கண்ணாடிக் கல்லின் நடுவே சிறிதளவு வெண்மை. அங்கே வளையம் உண்டு. அதற்கு வெளியே ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டிருந்தவன் இடையில் எழுத்தை மறந்து வெறுங்கோடு கிறுக்கிய ஏடு போலிருந்தது.

அஃது என்ன என்று அறிய யான் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. கல்சியங் காபனேற்று ஒன்றே. ஆயினும் அது பளிங்காகும்போது மூன்று உருவங் கொள்ளும். ஸ்பானியா தேசத்து மொலினா தே அரகொன் என்னும் ஊரின் பெயரால் அரகொனைற்று என்பது ஒன்று. கல்சைற்று மற்றொன்று. ஜேர்மன் அறிஞர் வாற்றர் பெயரால் வாற்றரைற்று என்பது மூன்றாவது. மீனின் சகிற்றாக் கல் அரகொனைற்றால் ஆவதே முறை. சிலவற்றில், கல் வளர்ந்துகொண்டிருக்கையில் இடையே வாற்றரைற்றுப் படியத் தொடங்கிவிடுகின்றது. தொடங்கினால் பெரும்பாலும் அதுவே தொடரும். எலும்பைக் கரைத்துத் திருத்துவது போலச் செவிக்கல்லைக் கரைத்துத் திருத்த மீனால் இயலாது. எழுதியது எழுதியதே. பெரும்பாலும் ஒருபக்கக் கல்லே இவ்வாறாகும். இரண்டும் ஆவதும் உண்டு.

இங்கே சொற்பொருளிற் கருத்து வேண்டும். நம் புணரியலில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இக்கண்ணாடிக் கல் திரிதல். கெடுதலும் உண்டு, பரம்பரையலகு பழுதுற்ற ஒருவகை வரிமீனிற் செவிக்கல் உண்டாவதேயில்லை. ஜேர்மன் மொழியிற் 'கல்லிலி' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். அது நிலைகொள்ளாது தடுமாறி நீந்தும். திரிதலுக்குக் காரணம் புரதத்தில் இருக்கலாம் என்பதற்கும் வரிமீனே சான்று தந்தது. 2003 இல், கல்லினுள் உள்ள ஒரு புரதத்தைக் குறைத்தபோது அரகொனைற்றுக்குப் பதிலாகக் கல்சைற்றுப் படிந்து கல் நட்சத்திர வடிவம் கொண்டது. அப்புரதத்துக்கு 'ஸ்டார்மேக்கர்', அதாவது விண்மீன் ஆக்குவோன், என்று பெயர் வைத்தார்கள். ஆய்வுகூடத்திலும் கவிஞர் உளர் போலும்.

வாற்றரைற்று வந்ததனால் மீனுக்கு என்ன? அரகொனைற்றின் அடர்த்தி நீரைப்போல 2.9 மடங்கு. வாற்றரைற்று அதனினும் குறைந்தது. பின்தங்குவதற்காகவே அமைந்த கல் போதிய அளவு பின்தங்காது. விளைவு, செவிடு. இதனைத் தெளிவாகக் காட்டியது தட்டைமீனன்று, சமன் மீன். பண்ணைகளில் வளர்த்த சமன் மீன்களை ஆராய்ந்த மெல்பேண் பல்கலைக்கழகத்தார், அவற்றில் வாற்றரைற்றுக் கல் இருக்கும் வாய்ப்புக் கடலிற் பிறந்தவற்றிலும் 10 மடங்கு என்றும், கல் முழுதும் மாறிய மீன் கேட்கும் ஆற்றலிற் பாதி வரை இழக்கும் என்றும் 2016 இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு மற்றொன்று கூறினர். விரைந்து வளர்ந்த மீன்களிலேயே இக்கேடு மிகுதி. வெப்பத்தையும் ஒளியையும் உணவையும் கூட்டி விரைவாக வளர்த்தோம். கல் அவ்விரைவுக்கு ஈடுகொடுக்கவில்லை. சந்தையில் நிறை கூடியது. நீரில் செவி குறைந்தது.

ஸ்பானியாவின் கலிசியாவில் ரேர்பொட்டையும், கொரியாவிலும் யப்பானிலும் ஹிராமே என்னும் தட்டைமீனையும் இன்று பண்ணையில் வளர்க்கின்றனர். பண்ணைத் தட்டைமீனிற் புறத்தே தெரியும் விகாரம் முன்பே அறியப்பட்டது. வெண்மையாயிருக்க வேண்டிய குருட்டுப்பக்கத்திற் கரும்புள்ளி படரும். யப்பானியர் குஞ்சுகளைக் கடலில் விட்டுப் பின் பிடிபடும் மீன்களுள் எது பண்ணையிற் பிறந்தது என்பதை அப்புள்ளி கொண்டே அடையாளம் காண்கின்றனர். வழுவை அடையாளமாக்கிக்கொண்ட சாமர்த்தியம் பாராட்டற்குரியது. செவியுள் நேர்ந்த வழு இவ்வாறு வெளியே தெரியாது. வளர்ந்த தட்டைமீன்களுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் காற்றுப்பையும் இல்லை. பிளேயிஸ் போன்றவை ஏறத்தாழ 250 அதிர்வுக்கு உட்பட்ட தாழ்ந்த ஒலிகளையே கேட்பன; நீர்த்துளியின் நேரசைவை உணர்வதற்குக் கல் ஒன்றே அவற்றுக்குத் துணை. அந்தத் துணையும் இலேசாகிவிட்ட மீனைக் கடலில் விட்டுவிட்டு, அது ஏன் தப்பவில்லை என்று கேட்கிறோம். ஒரு காது கேளாத பிள்ளையைப் பின்வாங்கில் இருத்திவிட்டு மந்தபுத்தி என்று எழுதும் ஆசிரியரை எனக்குத் தெரியும்.

கல்லைப் படிப்பார்க்கு வரும் இடரும் சிறிதன்று. கல்லிற் படிந்த ஸ்ரொன்சியத்தின் அளவு கொண்டு மீன் எந்த நீரில் வாழ்ந்தது, ஆற்றிலா கடலிலா, என்று கூறுவர். வாற்றரைற்றிலோ ஸ்ரொன்சியம் குறைவு, மக்னீசியம் மிகுதி. படிவம் மாறியதை அறியாதவர், மீன் இடம் மாறியது என்று எழுதிவிடுவார். கடலை விட்டு அகலாத மீன் ஆற்றுக்குச் சென்றதாக வரலாறு பிறக்கும். தட்டைமீனில் இவ்வாபத்து இருமடங்கு. இருகற்களும் இயல்பாகவே வேறுபடுமாதலின், ஒன்று சற்று வேறாயிருப்பதைக் கண்டவர் "தட்டைமீன்தானே" என்று கடந்துவிடக்கூடும். வழுவமைதிக்குப் பழகிய கண்ணுக்கு வழு எளிதிற் படாது. பிற மீனிலோ சிறிது வேறுபட்டாலும் உடனே ஐயம் எழும்.

கண்ணாடிக் கல் என்று தெரிந்தாலோ, பெரும்பாலார் அதனை ஒதுக்கிவிட்டு மற்றக் கல்லைப் படிப்பர். இரண்டும் கண்ணாடியாயின் அம்மீனைக் கணக்கிலிருந்தே நீக்குவர். இது முறையான செயல் போலத் தோன்றுகின்றது. ஆனால் விரைந்து வளர்ந்த மீனிலேயே கல் மிகுதியாகத் திரிகின்றது என்பது தட்டைமீனுக்கும் பொருந்துமாயின், நீக்கப்படுவன விரைந்து வளர்ந்தவை. எஞ்சுவன மெல்ல வளர்ந்தவை. எஞ்சியவற்றைக் கொண்டு கணக்கிட்டால் அந்த மீனினம் முழுவதுமே மெல்ல வளர்வதாகத் தோன்றும். ஆதலின் நீக்கிய கற்கள் எத்தனை, அவை எப்பக்கத்தன, அம்மீன்களின் நீளமும் நிறையும் எவ்வளவு என்பனவற்றையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். அம்மாணவனுக்கும் அதனையே கூறினேன். அவன் அடுத்த முறை கடற்கரைக்குச் சென்றபோது, கண்பக்கத்துக் கல்லுக்கு ஒன்றும் குருட்டுப்பக்கத்துக் கல்லுக்கு ஒன்றுமாக இரண்டு தீப்பெட்டிகளும் ஒரு கொப்பியும் கொண்டுசென்றான். பெட்டிகளின் மேல் 'கண்', 'குருடு' என்று தமிழிலேயே எழுதியிருந்தான்.